ஆபுத்திரன் சிரித்த சிரிப்பு

மணிமேகலை சிரிப்புக்குப் பேர்போன நூல் அல்ல. பசியும் பிரிவும் சுடுகாடும் சிறையும் நிறைந்த காப்பியம் அது. ஆயினும் விலா எலும்பு நோகும்படி வாய்விட்டுச் சிரிக்கும் ஒருவன் அதில் உண்டு. அவன் பெயர் ஆபுத்திரன். சிரித்த இடம் தென்மதுரை. அவனுடைய சிரிப்புக்கு ஆளானவனோ தேவர்களுக்கெல்லாம் அரசனான இந்திரன். ஒரு பிச்சைப் பாத்திரத்தைத் தவிர உடைமை ஏதும் இல்லாத ஒருவன், சொர்க்கத்தையே உடைமையாகக் கொண்டவனைப் பார்த்து எள்ளி நகைக்கிறான்.

பௌத்தம் துக்கத்தைப் பேசும் சமயம் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. நான்கு வாய்மைகளில் முதலாவதே துக்கம் என்பதால் எழுந்த எண்ணம் அது. பௌத்த எளிமை என்றாலும் ஆசைகளைக் குறைத்துக்கொண்டு, ஊரைவிட்டு ஒதுங்கி, தன் மன அமைதியைத் தானே காத்துக்கொள்ளும் வாழ்க்கை என்றே பலரும் கருதுகிறோம். மதுரை மண்ணில் தமிழ் பேசிய பௌத்தம் எளிமையையும் மகிழ்ச்சியையும் எவ்வாறு இணைத்தது என்பதை ஆபுத்திரன் கதை நமக்குச் சொல்கிறது. அந்த இணைப்பு நாம் எதிர்பார்ப்பது போன்றதல்ல.

*

மதுரைக்கும் பௌத்தத்துக்கும் உள்ள உறவைக் கல்லில் தேடினால் கிடைப்பது குறைவு. நகரைச் சூழ்ந்த சமவெளியில் ஆங்காங்கே எழுந்து நிற்கும் மாங்குளம், அழகர்மலை, கீழவளவு, கொங்கர்புளியங்குளம், திருப்பரங்குன்றம் முதலிய குன்றுகளின் குகைத்தளங்களில் கற்படுக்கைகளும் தமிழ் பிராமிக் கல்வெட்டுகளும் உள்ளன. தொடக்கக்கால ஆய்வாளருள் சிலர் அவற்றைப் பௌத்தத் துறவியருடையவை என்று கருதினர். அவை பெரும்பாலும் சமணத் துறவியருக்காக வெட்டப்பட்டவை என்பதே இன்றைய ஆய்வு முடிவு. அழகர்மலைக் கல்வெட்டுகளில் உப்பு வணிகன், அறுவை வணிகன், கொழு வணிகன், பணித வணிகன், பொற்கொல்லன் என்று கொடையாளர் பலர் வரிசையாக வருகின்றனர். உப்பும் துணியும் இரும்பும் வெல்லமும் விற்றவர்கள், எதையும் விற்காத, எதையும் வாங்காத மனிதர்கள் படுத்துறங்கக் கல்லைச் செதுக்கிக் கொடுத்தார்கள். மதுரையின் அங்காடியும் அதன் குன்றுகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே வாழ்ந்தன என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

பௌத்தம் பற்றிய செய்தி வேறு வழிகளில் கிடைக்கிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளை, அவருடைய ஆட்சிக்கு அப்பாற்பட்ட சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளையும் இலங்கையையும் குறிப்பிடுகிறது. அங்கெல்லாம் மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ ஏற்பாடு செய்யப்பட்டதாகவும், மூலிகைகளும் மரங்களும் நடப்பட்டதாகவும், வழிகளில் கிணறுகள் தோண்டப்பட்டதாகவும் அது கூறுகிறது. புத்தரின் நெறியை ஏற்ற பேரரசர் ஒருவர் பாண்டிய நாட்டைக் குறித்துப் பேசும்போது, அவ்விடத்தில் தத்துவம் வரவில்லை. மருந்தும் தண்ணீரும் நிழலும்தான் வருகின்றன.

மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியில் பெண்கள் கணவரோடும் குழந்தைகளோடும் பூவும் புகையும் ஏந்தி வழிபடச் செல்லும் இடத்தைப் பௌத்தப் பள்ளி என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கொள்கிறார். குடும்பத்தோடு போய்வரும் இடமாக அது இருந்தது என்பது கவனத்துக்குரியது. 7ஆம் நூற்றாண்டில் சீனப் பயணி யுவான் சுவாங் மலகூடம் என்ற நாட்டைப் பற்றி எழுதுகிறார். அது பாண்டிய நாடே என்பது பல அறிஞர்களின் கருத்து. நேரில் வந்து கண்டு எழுதினாரா, காஞ்சியில் கேட்டு எழுதினாரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அங்கே பழைய மடங்கள் பாழடைந்து கிடப்பதாகவும் பௌத்தத் துறவியர் மிகச் சிலரே எஞ்சியிருப்பதாகவும் அவர் குறிக்கிறார்.

கட்டடம் அழிந்தது, நூல் நின்றது. மணிமேகலையை இயற்றிய சீத்தலைச் சாத்தனாரை மரபு மதுரைக் கூலவாணிகன் என்று அழைக்கிறது. கூலம் என்றால் தானியம். தமிழின் ஒரே முழுமையான பௌத்தக் காப்பியம், பசியைத் தன் நடுப்பொருளாகக் கொண்ட காப்பியம், மதுரைத் தானிய வணிகர் ஒருவர் பெயரில் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதன் காலம் குறித்து இரண்டாம் நூற்றாண்டு முதல் ஆறாம் நூற்றாண்டு வரை பல கருத்துகள் உண்டு. 29ஆம் காதையிலுள்ள அளவை இயல் திங்நாகரின் தருக்க முறையை ஒத்திருப்பதால், ஆறாம் நூற்றாண்டை ஒட்டியது என்று கொள்வோர் பலர்.

இந்நூலை உ.வே. சாமிநாதையர் 1898இல் பதிப்பித்தார். சுவடிகளைக் கையில் வைத்துக்கொண்டு பொருள் புரியாமல் அவர் தவித்ததும், கும்பகோணம் கல்லூரியில் இருந்த ரங்காசாரியார் இது பௌத்த நூல் என்று கண்டு சொல்லி, ஆங்கிலத்தில் வந்திருந்த பௌத்த நூல்களைப் படித்து அவருக்கு விளக்கியதும் தமிழ் வாசகர் அறிந்த செய்தி. அதே 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். மறந்துபோன ஒரு மொழியைத் தமிழகம் அந்த ஆண்டில் இரு திசைகளிலிருந்து மீண்டும் கற்கத் தொடங்கியது எனலாம்.

*

இனி ஆபுத்திரன் கதைக்கு வருவோம். மணிமேகலையின் 13, 14ஆம் காதைகளில் அறவண அடிகள் இதைச் சொல்கிறார்.

பெற்றவள் விட்டுச்சென்ற குழந்தையைப் பசு ஒன்று ஏழு நாள் பால் சுரந்து காத்தது. ஆவின் புத்திரன் ஆனதால் ஆபுத்திரன். அந்தணர் ஒருவர் எடுத்து வளர்க்க, வேதம் பயின்றான். வேள்விக்கென்று கொம்பில் பூச்சூட்டிக் கட்டியிருந்த பசுவை இரவில் அவிழ்த்துவிட்டதற்காக அடிபட்டான், பிறப்பைச் சொல்லி இகழப்பட்டான், ஊரைவிட்டு விரட்டப்பட்டான். அந்தணர் ஊர்களில் பிச்சை கேட்டபோது பாத்திரத்தில் கல் விழுந்தது. கடைசியில் மதுரைக்கு வந்து, கலைமகளாகிய சிந்தாதேவியின் கோயில் அம்பலத்தில் தங்கினான்.

மதுரையில் அவன் வாழ்ந்த முறையைக் காப்பியம் சில அடிகளில் சொல்லிவிடுகிறது. செல்வர் தெருக்களில் பிச்சை எடுப்பான். பார்வையற்றோர், செவிப்புலன் இழந்தோர், கால் முடமானோர், ஆதரவற்றோர், நோயுற்றோர் அனைவரையும் கூவி அழைத்து உண்பிப்பான். எஞ்சியதைத் தான் உண்பான். பிச்சை ஓட்டையே தலையணையாக வைத்துத் தூங்குவான்.

பௌத்த எளிமையின் இலக்கணம் இதில் அடங்கியிருக்கிறது. இது பட்டினி நோன்பு அல்ல. கடும் பட்டினியால் உடலை வருத்தும் வழியைப் புத்தர் கைவிட்டு, சுசாதை தந்த பால்சோற்றை ஏற்றபின்னரே போதி மரத்தடியில் அமர்ந்தார் என்பது மரபு. பசியைப் புனிதமாக்காத சமயம் அது. ஆபுத்திரனும் உண்கிறான், கடைசியில் உண்கிறான், அவ்வளவுதான். அவனுடைய எளிமை உணவைக் குறைப்பதில் இல்லை. பந்தியில் தன் இடத்தைக் கடைசிக்கு நகர்த்திக்கொள்வதில் இருக்கிறது.

மழை பெய்த ஓர் இரவில் வழிநடந்து களைத்தவர்கள் வந்து பசி என்கிறார்கள். பாத்திரத்தில் ஒன்றுமில்லை. அவன் துயருறுகிறான். அப்போது சிந்தாதேவி தோன்றி அமுதசுரபியைத் தருகிறாள். நாடே வறண்டாலும் இப்பாத்திரம் வறளாது. வாங்குவோர் கை சலிக்குமே அன்றி இது குறையாது என்கிறாள். அன்று முதல் மனிதரும் விலங்கும் பறவையும் அவனைச் சூழ்ந்தன. பழுத்த மரத்தில் பறவைகள் எழுப்பும் ஓசை போல அவ்விடம் ஒலித்தது.

அறம் மிகுந்ததால் இந்திரனின் இருக்கை அசைகிறது. முதிய அந்தணன் வடிவில் தடியூன்றி வந்து, உன் கொடையின் பயனைக் கேள், தருகிறேன் என்கிறான். இங்குதான் அந்தச் சிரிப்பு.

ஆபுத்திரன் சொன்னதன் கருத்து இது: உன் உலகத்தில் செய்த நல்வினையின் பயனை உண்டு களிப்போர் மட்டுமே இருக்கிறார்கள், அறம் செய்வோர் இல்லை, எளியோரைக் காப்போர் இல்லை, தவம் செய்வோர் இல்லை, பற்றறுக்க முயல்வோர் இல்லை. பசித்து வந்தவர் பசி தீர்ந்ததும் அவர் முகம் மலரும். அந்த முகத்தை இந்தப் பாத்திரம் எனக்குக் காட்டுகிறது. நீ எதைத் தருவாய்? உணவா, உடையா, பெண்களா, ஏவலரா?

மகிழ்ச்சி பற்றிய கோட்பாடாகவே இதை வாசிக்கலாம். இந்திரன் தர முன்வருவது இன்பத்தின் கூலி. செய்த வேலைக்கு அளந்து கொடுப்பது. ஆபுத்திரனுக்கோ செயலுக்கும் பயனுக்கும் இடையில் இடைவெளியே இல்லை. முகம் மலரும் அந்தக் கணமே செயல், அதுவே பயன். கூலி வாங்கக் கை நீட்டவேண்டிய தேவை இல்லாதவனுக்கு முன் முதலாளி சிறுத்துப்போகிறான்.

பாலி நூலான அங்குத்தர நிகாயத்தில் இல்லறத்தானுக்குரிய நான்கு இன்பங்களைப் புத்தர் வகுத்துச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. நேர்வழியில் ஈட்டியதை உடைமையாகக் கொண்டிருக்கும் இன்பம், அதை நுகர்ந்தும் அறத்துக்குச் செலவிட்டும் பெறும் இன்பம், கடன் இல்லாத இன்பம், பழி இல்லாத இன்பம். முதல் மூன்றும் நான்காவதன் முன் மிகச் சிறியவை என்கிறார். கேட்டவர் சாவத்தி நகரத்துப் பெருவணிகர். ஆதரவற்றோருக்கு உணவளிப்பவர் என்ற பொருளில் அனாதபிண்டிகர் என்றே பெயர் பெற்றவர். பொருளைப் பழிக்காத, ஆனால் பொருளை அதன் அளவில் நிறுத்தும் நோக்கு இது. சாவத்தி வணிகர் கேட்ட பாடத்தை மதுரைக் கூலவாணிகரும் கேட்டிருந்தார் என்றே தோன்றுகிறது.

*

கதை இத்துடன் முடிந்திருந்தால் அது ஓர் அழகிய நீதிக்கதையாக நின்றிருக்கும். சாத்தனார் அங்கே நிறுத்தவில்லை. சிரிக்கப்பட்ட இந்திரன் பழிவாங்குகிறான். அவன் எடுத்த ஆயுதம் இடியோ பஞ்சமோ அல்ல. மழை!

பாண்டிய நாடு அதுவரை பன்னிரண்டு ஆண்டுகளாக மழையின்றி வாடியிருந்தது. இந்திரன் மழையைப் பெய்விக்கிறான். விளைச்சல் பெருகுகிறது, பசி ஒழிகிறது. ஆபுத்திரனைத் தேடி வருவார் இல்லை. முன்பு உண்போர் ஒலி நிறைந்திருந்த அம்பலத்தில் இப்போது காமுகரும் வீணரும் கூடிச் சிரித்துக்கொண்டு சூதாடி வம்பளக்கிறார்கள். அதே அம்பலம், வேறு சிரிப்பு. ஆபுத்திரன் வீடு வீடாகப் போய், உண்பவர் யாரேனும் உண்டோ என்று கேட்கிறான். இவன் யார் என்று ஊர் ஏளனம் செய்கிறது. செல்வமெல்லாம் கடலில் மூழ்க, தான் மட்டும் கரையேறிய வணிகனைப் போல அவன் தனியே திரிகிறான்.

வாசகனைத் தொல்லைப்படுத்தும் இடம் இது. நாட்டில் பசி ஒழிந்ததற்கு ஒரு பௌத்தன் மகிழ வேண்டாமா? அவன் வருந்துகிறான் என்றால், அவனுடைய மகிழ்ச்சி பிறர் பசியை அல்லவா நம்பியிருந்திருக்கிறது? இந்திரனின் இன்பங்களை எள்ளியவனுக்கு அன்னதானமே ஒரு பற்றாகிவிட்டதோ? மணிமேகலை தானே அடுக்கிச் சொல்லும் பன்னிரு சார்புகளில் நுகர்விலிருந்து வேட்கையும் வேட்கையிலிருந்து பற்றும் பிறக்கின்றன. மலர்ந்த முகத்தைக் காணும் இன்பமும் ஒரு நுகர்வுதானே?

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. கொடுப்பவனின் இன்பத்தில் இப்படியொரு நிழல் எப்போதும் உண்டு. ஆனால் சாத்தனார் கதையை நகர்த்தும் விதத்தில் ஒரு விடை இருக்கிறது. கப்பலிலிருந்து இறங்கியவர்கள், சாவக நாட்டில் மழையின்றி உயிர்கள் மடிகின்றன என்று சொல்கிறார்கள். ஆபுத்திரன் உடனே கப்பல் ஏறுகிறான். அப்படியென்றால் பசி ஒழியவே இல்லை. மதுரையின் பார்வையிலிருந்து விலகியிருந்தது, அவ்வளவே. இந்திரனின் சூழ்ச்சியை இப்போது சரியாகப் புரிந்துகொள்கிறோம். அவன் உலகின் பசியைத் தீர்க்கவில்லை. ஒரு நகரத்தின் கண்ணிலிருந்து பசியை அகற்றினான். வளம் வந்ததும் அம்பலத்தில் சூதாடியவர்களுக்குப் பசி என்ற ஒன்று உலகில் எங்கும் இல்லை. கையில் ஓடு மட்டும் வைத்திருந்தவனுக்குக் கடலுக்கு அப்பாலுள்ள பசியும் காதில் விழுந்தது. எளிமை அவனுக்குத் தந்தது அமைதியை அல்ல, இந்தச் செவியை.

அதன்பின் வருவது தமிழ் இலக்கியத்தின் மிகத் தனிமையான காட்சிகளில் ஒன்று. காற்றின் சீற்றத்தால் கப்பல் மணிபல்லவத் தீவில் தங்குகிறது. ஆபுத்திரன் இறங்குகிறான். அவன் ஏறிவிட்டதாக எண்ணி இரவில் கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத தீவு, கையில் வற்றாத பாத்திரம். ஆயிரம் பேருக்குச் சோறிடும் கலத்தைத் தன் ஒரு வயிற்றுக்குப் பயன்படுத்துவதா? ஆண்டுக்கு ஒருநாள் வெளிப்பட்டு, அருளறம் பூண்டோர் வந்தால் அவர் கை சேர்க என்று சொல்லி அதைக் கோமுகிப் பொய்கையில் விடுகிறான். உண்ணாதிருந்து உயிர் துறக்கிறான்.

உண்ணாநோன்பு சமணத்துக்கு உரியது. நடுவழி பேசும் பௌத்தத்துக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். ஆனால் அவன் உடலை வெறுத்து உணவை விடவில்லை. தனியே உண்ண மறுக்கிறான். இந்த மறுப்புக்குப் பாண்டிய நாட்டில் பழைய வேர் உண்டு. கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி என்ற பாண்டியன் பாடிய புறநானூற்று 182ஆம் பாடல், இந்திரனின் அமிழ்தமே கிடைத்தாலும் இனிதென்று தனித்து உண்ணாதவர்களால்தான் இவ்வுலகம் நிலைக்கிறது என்னும் கருத்தைச் சொல்கிறது. அதே இந்திரன், அதே அமுது, கடலோடு தொடர்புடைய அதே சாவு! பௌத்தம் மதுரைக்கு வந்தபோது இங்கே ஏற்கெனவே இருந்த ஓர் அறத்தோடு கைகோத்துக்கொண்டது. ஆபுத்திரன் அந்தச் சேர்க்கையின் பிள்ளை.

*

யுவான் சுவாங் கண்ட அல்லது கேட்ட பாழ் மடங்களுக்குப் பின், இந்தச் சிந்தனை மதுரைச் சமவெளியிலிருந்து முற்றாக மறைந்துவிட்டதா? பெயரளவில் ஆம். ஆனால் 20ஆம் நூற்றாண்டில் அது வேறொரு பெயரில், எதிர்பாராத ஒருவர் வழியாக இங்கே தலைகாட்டியது.

மதுரைக்குத் தென்மேற்கே, திருமங்கலத்திலிருந்து இராசபாளையம் செல்லும் வழியில் உள்ளது தே. கல்லுப்பட்டி. மழையை நம்பிய கரிசல் நிலம். அங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தவர் ஜே.சி. குமரப்பா. 1892இல் தஞ்சையில் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்து, இலண்டனில் கணக்காயராகப் பயிற்சி பெற்று, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்து, காந்தியின் கிராமத் தொழில் இயக்கத்தை நடத்தியவர். 1945இல் வெளிவந்த அவருடைய நிலைத்த பொருளாதாரம் குறித்த நூல் சிறையில் எழுதப்பட்டது. ஒட்டுண்ணி, கொள்ளை, முயற்சி, கூட்டுவாழ்வு, சேவை எனப் பொருளாதாரத்தை ஐந்து படிகளாக அதில் வகுக்கிறார். உச்சியில் இருப்பது சேவை. தன் பசியைப் பின்தள்ளிக் குஞ்சுகளுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை அதன் அடையாளம். பசு ஊட்டி வளர்த்த ஆபுத்திரனை நினைக்காமல் அப்பகுதியைப் படிக்க முடியவில்லை.

வாழ்க்கைத் தரத்தை உயர்ந்தது, தாழ்ந்தது என்று பேசுவது தவறு என்றார் குமரப்பா. சிக்கலான வாழ்க்கை, எளிய வாழ்க்கை என்றே சொல்லவேண்டும். தேவைகள் பெருகுவது உயர்வு ஆகாது. இன்னொன்றும் சொன்னார்: ஒரு பொருளை வாங்குபவர் அது உருவான விதத்துக்கும் பொறுப்பாளி. அதன் பின்னால் யாரேனும் வதைபட்டிருந்தால் அப்பழியில் வாங்கியவருக்கும் பங்குண்டு. உற்பத்தி பக்கத்தில் நடந்தால் வதை கண்ணில் படும். தொலைவில் நடந்தால் மறைந்துபோகும். எளிமை கண்ணைத் திறந்து வைக்கிறது என்னும் அதே ஆபுத்திரன் பாடம், இங்கே பொருளியல் மொழியில்.

பிரித்தானிய நிலக்கரி வாரியத்தின் பொருளியலாளர் ஷூமாக்கர் 1955இல் ஆலோசகராகப் பர்மா சென்றார். அந்த அனுபவத்தின் பின்னணியில் பௌத்தப் பொருளியல் என்ற கட்டுரையை எழுதினார். 1966இல் வெளிவந்த அது, 1973இல் சிறியதே அழகு என்ற அவருடைய நூலில் இடம்பெற்று உலகெங்கும் பரவியது. குறைந்த நுகர்வில் நிறைந்த நலம் என்பது அதன் சாரம். மனிதன் தன் திறனை வளர்க்கவும், பிறரோடு சேர்ந்து உழைத்துத் தன்முனைப்பைக் கடக்கவும், வாழ்வுக்கு வேண்டியதை ஆக்கவும் வேலை வேண்டும் என்கிறது அக்கட்டுரை. வேலை மனிதனுக்கு எத்தகைய ஊட்டம் என்பதை விளக்க அதில் ஷூமாக்கர் எடுத்துக்காட்டுவது குமரப்பாவின் சொற்களை. குமரப்பா அதைப் பார்க்கவில்லை. 1960ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள், காந்தி மறைந்த அதே நாளில், அவர் காலமானார்.

கல்லுப்பட்டியில் வாழ்ந்த ஒரு கிறித்தவக் காந்தியரின் சொற்கள், செருமனியில் பிறந்த ஒருவர் எழுதிய பௌத்தக் கட்டுரையில்! சமயப் பெயர்கள் எவ்வளவு தற்செயலானவை என்று இதைப் பார்க்கும்போது தோன்றுகிறது. இந்திரனின் மழைக்குப் பிறகு அம்பலத்தில் சூதாடியவர்களுக்குக் குறைவுபட்டது உணவு அல்ல. பிறருக்குப் பயன்படும் வேலையும், அவ்வேலையில் கிடைக்கும் பிறர் முகமும் அவர்களிடம் இல்லை. சாத்தனார் வினாவாக விட்ட இடத்தில் குமரப்பா ஒரு விடையை வைக்கிறார்.

*

இன்று பாத்திரத்தின் பணியை அரசு பெரிதும் எடுத்துக்கொண்டிருக்கிறது. பள்ளிகளில் மதிய உணவு தந்த தமிழகம், 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டத்தை மதுரையில், நெல்பேட்டை அருகே ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் தொடங்கியது. முதற்கட்டத்தில் 1,545 பள்ளிகள். கூலவாணிகன் ஊரில், நெல்லின் பெயர் தாங்கிய பேட்டைக்கு அருகில் அது தொடங்கியது தற்செயல்தான், பொருத்தமான தற்செயல். பசியை ஒருவனுடைய இரக்கத்துக்கு விட்டுவிடாமல் உரிமையாக்குவது ஆபுத்திரனுக்கு உடன்பாடாகவே இருந்திருக்கும். காப்பியத்தின் பிற்பகுதியில் மணிமேகலையும் சோழன் ஒப்புதலோடு சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுகிறாள். அமுதசுரபி தனிக் கையிலிருந்து பொது இடத்துக்குச் சென்றுவிடுகிறது.

அப்படியானால் தனிமனிதனுக்கு எஞ்சுவது என்ன? எளிமை என்பதை இன்று நாம் ஒரு சிகிச்சையாக வாங்கிக்கொள்கிறோம். வீட்டில் பொருள் குறைந்தால் மனம் லேசாகும், தூக்கம் வரும் என்கிறோம். அதில் பொய் இல்லை. ஆனால் அந்த மகிழ்ச்சியின் முகவரி நம் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. பயனை உண்டு களிப்போர் மட்டும் வாழும் இந்திரன் உலகத்தில், குறைவாக உண்டு களிக்கும் ஒருவராக ஆகிறோம், அவ்வளவே.

மதுரை அம்பலத்தில் ஓட்டைத் தலையணையாக்கித் தூங்கியவன் கேட்ட கேள்வி வேறு. உன்னிடம் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு குறைத்துக்கொண்டாய் என்று அவன் கேட்கவில்லை. வளமான ஊரில் வீடு வீடாகப் போய், ஊர் சிரிக்கச் சிரிக்க, உண்பவர் யாரேனும் உண்டோ என்றுதான் கேட்டான். ஊரில் யாரும் பதில் சொல்லவில்லை. கப்பலில் வந்தவர்கள் சொன்னார்கள்.